துணிக்கு விதி போடுங்கள், உடம்புக்கு வேண்டாம்!

*கெடிலத்திலும் கடலோரத்திலும் பெண்களை நீருக்குப் பறிகொடுத்த மாவட்டம் கடலூர். ஒலிம்பிக் வரை போன நீச்சல் வீரரை வளர்த்ததும் இதே மாவட்டம்தான். வளர்ந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், நீந்தக் கற்றுக்கொள்ள வரும்போது குளத்து வாசலில் அவர்களை நிறுத்துவது பெரும்பாலும் உடை. அந்த விதி எப்படி இருக்க வேண்டும்?*

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே, கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் தேங்கியிருந்த நீரில் குளிக்க இறங்கினார்கள் சில பெண்பிள்ளைகள். ஆழத்தில் சிக்கியவர்களோடு, அவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் மூழ்கினார்கள். அன்று ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் பெண்கள். அவர்களில் சிறுமிகளும் உண்டு.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய துயரம் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில், தமிழ்நாட்டில் அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று கடலூர். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று கணக்குச் சொன்னது. ஆண்கள் பலர் அந்த நேரம் நடுக்கடலில் படகில் இருந்தார்கள். பெண்கள் மீன் வாங்கக் கரையில் காத்திருந்தார்கள். அது ஒரு காரணம். நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பழக்கம் பெண்பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

தண்ணீரில் மூழ்கி இந்தியாவில் ஆண்டுதோறும் 35,000-க்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் சொல்கின்றன. நாடு முழுக்கப் பார்த்தால் ஆண்களே அதிகம் இறக்கிறார்கள்; தண்ணீரோடு அவர்களுக்குத்தான் புழக்கம் அதிகம். ஆனால் ஆறு பெருகும்போதும் கடல் ஊருக்குள் வரும்போதும் புழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று தண்ணீர் பிரித்துப் பார்ப்பதில்லை. நீந்தத் தெரியாதவர்தான் முதலில் போகிறார்.

அதே மாவட்டம், அதே தண்ணீர்

நெல்லிக்குப்பத்துக்குச் சர்க்கரை ஆலை அடையாளம் என்றால், நெய்வேலிக்குப் பழுப்பு நிலக்கரி. 1956-இல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனம், சுரங்கத்தோடு ஒரு நகரியத்தையும் கட்டியது. வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள், மரங்கள், பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள் என்று வளர்ந்த அந்த நகரியத்தில்தான் சாஜன் பிரகாஷ் வளர்ந்தார். பிறந்தது கேரளத்தின் இடுக்கி. அம்மா சாந்திமோள் தடகள வீராங்கனை, என்.எல்.சி. ஊழியர். மகனைத் தண்ணீரில் இறக்கியவர் அவர்தான்.

அந்தப் பையன் 2016-இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். 2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் நடந்த போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ‘ஏ’ தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 நொடி. அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். தாண்டியது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

அந்தப் பத்தில் ஒரு பங்குதான் போட்டி உலகம் உடைக்கு ஏன் இவ்வளவு கறாராக விதி வகுக்கிறது என்பதற்கு விளக்கம். உடம்பின் உழைப்பு முடிவு செய்ய வேண்டியதை ஒரு துணி முடிவு செய்துவிடக் கூடாது. ஆகவே போட்டி விதி துணியை அளக்கிறது: தடிமன் எவ்வளவு, தண்ணீர் ஊடுருவுமா, மிதக்க வைக்குமா என்று கேட்கிறது.

ஊர்க் குளத்து விதியோ பல இடங்களில் மூன்றே சொற்களில் முடிந்துவிடுகிறது: ‘நீச்சல் உடை கட்டாயம்.’ எந்தத் துணி, எந்த நீளம், ஏன் என்ற விளக்கம் இல்லை. நாற்பது வயதில் கற்றுக்கொள்ள வரும் ஒரு பெண் அந்தப் பலகையைப் படித்ததும், தொலைக்காட்சியில் பார்த்த ஒற்றை உடுப்பு மட்டுமே நீச்சல் உடை என்று எண்ணித் திரும்பிப் போய்விடுகிறார். அவரைத் திருப்பி அனுப்ப அந்த விதியை எழுதியவர் எண்ணியிருக்க மாட்டார். ஆனாலும் நடப்பது அதுதான்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: குளத்து உடை விதி துணியின் தன்மையைப் பற்றி இருக்க வேண்டும். தோல் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பற்றி அது வாயே திறக்கக் கூடாது. ‘இவ்வளவு மூடு’ என்றும் சொல்லக் கூடாது, ‘இவ்வளவு திற’ என்றும் சொல்லக் கூடாது.

முதலில் தோள்பட்டை, பிறகு பிளாஸ்டிக்

போட்டி உலகமும் இந்தத் தெளிவுக்கு எளிதில் வந்துவிடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் நீந்தவே 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் கிளேர் டென்னிஸ் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்றார். அவர் அணிந்திருந்த உடையில் தோள்பட்டை எலும்பு அதிகம் தெரிகிறது என்று அங்கே புகார் எழுந்தது. நீந்திய வேகத்தை விட்டுவிட்டு முதுகின் பரப்பை அளந்த காலம் அது.

நம் ஊரில் அந்தக் காலத்தைத் தாண்டி வந்த பெண்களுக்கு இன்னும் கூடுதல் துணிச்சல் வேண்டியிருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டாலி நசீரோடு இந்தியாவுக்காக நீந்திய ஆரத்தி சாஹாவுக்கு அப்போது வயது 11. 1959 செப்டம்பர் 29 அன்று அவர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதைச் செய்த முதல் ஆசியப் பெண் அவரே.

பிறகு கடிகாரம் எதிர்ப்பக்கம் ஓடியது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இயன் தோர்ப் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடையில் நீந்தினார். 2008-இல் ஸ்பீடோ நிறுவனம் ‘எல்.இசட்.ஆர். ரேசர்’ என்ற உடையை இறக்கியது. அதை உருவாக்கியபோது நாசாவின் காற்றுச் சுரங்கச் சோதனைகளும் பயன்பட்டன. தையலே இல்லாமல் ஒட்டப்பட்ட துணி. அதன்மேல் பாலியூரித்தேன் பட்டைகள். உடம்பை இறுக்கிப் பிடித்து வழவழப்பாக்கும். போட்டுக்கொள்ளவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சல் தங்கங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அந்த உடை அணிந்தவர்களுக்கே போயின.

மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்குமா? முழுக்க முழுக்கப் பாலியூரித்தேனிலேயே உடைகள் வந்தன. உள்ளே சிக்கும் காற்று உடம்பைத் தூக்கிப் பிடித்தது. 2009-இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் எட்டே நாளில் 43 உலகச் சாதனைகள் விழுந்தன. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பால் பீடர்மன், மைக்கேல் பெல்ப்ஸைத் தோற்கடித்தார். நீந்தியது ஆளா, உடையா என்று உலகமே கேட்டது. அந்த நாட்களிலேயே ரோமில் கூடிய சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு, பெரும்பான்மை வாக்குகளோடு தடைக்கு முடிவெடுத்தது. 2010 ஜனவரி 1 முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. ‘ஃபீனா’ என்று அறியப்பட்ட அந்தக் கூட்டமைப்பின் இன்றைய பெயர் வேர்ல்டு அக்வாடிக்ஸ்.

1932-இன் புகார் உடை சிறிதாக இருக்கிறது என்பது. 2009-இன் புகார் உடை பெரிதாக இருக்கிறது என்பது. முதல் புகாருக்கு வெறும் கண்தான் அளவுகோல். இரண்டாவதைச் சோதனைக் கூடத்தில் வைத்து அளந்து பார்க்க முடிந்தது. இரண்டாவதே நல்ல விதியாக நிலைத்தது.

போட்டிக்குப் போகிறவர் கவனத்துக்கு

இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சல் இன்று தமிழ்நாட்டிலும் பலரை ஈர்க்கிறது. ஐந்தைந்து ஆண்டுகளாக வயதுப் பிரிவு உண்டு என்பதால், அறுபது வயதுக்காரர் அறுபது வயதுக்காரரோடுதான் மோதுகிறார். உடையின் வெட்டு, துணி பற்றிய அடிப்படை வரம்புகள் அவர்களுக்கும் பொருந்தும். குளத்தில் நடக்கும் போட்டிகளுக்குச் சுருக்கமாக இவை:

• ஆண்கள் உடை தொப்புளுக்கு மேலே போகக் கூடாது. முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழங்கால் வரை வரும் ‘ஜாமர்’ செல்லும்.

• பெண்கள் உடை கழுத்தை மூடக் கூடாது. தோளைத் தாண்டிக் கைக்கு நீளக் கூடாது. முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது.

• துணி நெய்த துணியாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊடுருவ வேண்டும். தடிமன் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. ஜிப் கூடாது.

• ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடை அணியக் கூடாது. உடம்பில் டேப் ஒட்டிக்கொண்டு நீந்தக் கூடாது.

• ஒளி ஊடுருவும் துணி கூடாது. பார்ப்பவர் மனத்தைப் புண்படுத்தும் சின்னங்கள் கூடாது. பொருந்தாத உடையில் வருபவரை விலக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு.

• பெரிய போட்டிகளில் அங்கீகார முத்திரை உள்ள உடை கேட்பார்கள். வாங்கும்போதே முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

திறந்த நீர்ப் போட்டிகளுக்கு, அதாவது கடலிலும் ஏரியிலும் நடப்பவற்றுக்கு, கணக்கு வேறு. அங்கே ஆணும் பெண்ணும் தோளிலிருந்து கணுக்கால் வரை மூடிய உடை அணியலாம். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குளிர் தாங்கும் ‘வெட்சூட்’ அணியலாம். 18 டிகிரிக்குக் கீழே அது கட்டாயம். ஆங்கிலக் கால்வாய் நீச்சலின் மரபு இதற்கு நேர் எதிர். கையில்லாத, காலில்லாத சாதாரண நீச்சல் உடை, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். 1994-இல் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களைக் கடந்த நம் குற்றாலீஸ்வரனின் பெருமையை அந்த மரபோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். கணுக்கால் வரை மூடிய உடையைக் கடலில் அனுமதிக்கும் அதே கூட்டமைப்பு, குளத்தில் முழங்காலோடு நிறுத்துகிறது. மூடுவது நீச்சலுக்கே ஆகாதது என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் போட்டிக்கு எது நியாயம் என்பதே கேள்வி. போட்டியே இல்லாத இடத்தில், காலை ஆறு மணிக்கு உடம்புக்காக நீந்த வருபவருக்கு, முழங்கால் கணக்கு எதற்கு?

செலவைப் பற்றியும் ஒரு சொல். போட்டிக்கான உயர்ரக உடைகள் பல ஆயிரம் ரூபாய் விலை. சில போட்டிகளோடு இறுக்கம் தளர்ந்துவிடும். அமெரிக்க நீச்சல் சங்கம், பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு அத்தகைய உடையை 2020 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. பயிற்சிக்கு வரும் பெரியவருக்கும் அது தேவையில்லை. விலை குறைந்த பாலியெஸ்டர் உடை போதும்.

பருத்தி ஏன் கூடாது?

குளத்து நிர்வாகம் ‘நீச்சல் உடை கட்டாயம்’ என்று சொல்வதற்குப் பின்னால் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை மக்களிடம் சொல்லாததுதான் தவறு.

குளத்து நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் அளவில் அது தண்ணீரில் நிற்க வேண்டும். வியர்வை, சிறுநீர், தலையில் தேய்த்த எண்ணெய், முகத்தில் பூசிய கிரீம், துணியில் தங்கிய சோப்பு எல்லாம் அந்தக் குளோரினைத் தின்றுவிடும். அவற்றில் சில குளோரினோடு சேர்ந்து குளோரமின்களாக மாறும். கண் எரிச்சலும், குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியும் பெரும்பாலும் குளோரமின்களின் வேலை. தெருவில் போட்டு நடந்த அரைக்கால் சட்டையோடு குதித்தால், தெருவின் புழுதியும் சேர்ந்து குதிக்கிறது.

பருத்தி தண்ணீரை உறிஞ்சும், நூல் உதிரும், சாயம் விடும். உதிர்ந்த நூல் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். இவையெல்லாம் சுகாதாரக் காரணங்கள்.

இவற்றைவிடப் பெரியது உயிர்க் காரணம். நனைந்த புடவையின் எடை மூழ்கடித்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த எடை பெரிதாகத் தெரியாது. ஆபத்து இழுவையில் இருக்கிறது. ஐந்தரை மீட்டர் துணி தண்ணீரில் விரிந்து ஒவ்வொரு கையசைவையும் பின்னுக்கு இழுக்கும், காலைச் சுற்றிக்கொள்ளும், கரையேறும் நொடியில் நீரோடு சேர்ந்து முழுப் பாரமும் இறங்கும். துப்பட்டா கழுத்தைச் சுற்றலாம். தொங்கும் நாடாவும் அவிழ்ந்த கூந்தலும் குளத்தின் அடியில் நீரை உறிஞ்சும் வாயில் சிக்கலாம். உலகின் பல நாடுகளில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தக் காரணங்களில் ஒன்றாவது முழங்கையை மூடினால் வலுக்கிறதா? கணுக்காலை மூடினால் வலுக்கிறதா? இல்லை. நைலான் அல்லது பாலியெஸ்டரில், சற்றே இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் கலந்து, உடம்போடு ஒட்டித் தைத்த முழுக்கைச் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும் மேலே சொன்ன சோதனை அத்தனையிலும் தேறிவிடும். அது தண்ணீரைத் தேக்காது, நூல் உதிராது, சுற்றிக்கொள்ளாது. கூடுதலாக, திறந்தவெளிக் குளத்தில் நம் வெயிலிலிருந்து தோலைக் காக்கும்.

இது பெண்களுக்கு மட்டும் உதவும் செய்தி அல்ல. அறுவைச் சிகிச்சைத் தழும்பு உள்ளவர், தோலில் வெண்புள்ளி உள்ளவர், மூட்டு வலிக்காகத் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யச் சொல்லி மருத்துவர் அனுப்பிய பெரியவர், உடல் பருமனால் கூச்சப்படும் இளைஞர் எல்லாருக்கும் அந்த முழுக்கைச் சட்டை ஒரு வாசலைத் திறக்கும். சிறிய உடையில் நீந்த விரும்பும் பெண்ணுக்கும் அதே மரியாதை வேண்டும். அவர் உடையைப் பார்த்து முகம் சுளிக்கவோ பேசவோ யாருக்கும் உரிமை இல்லை.

கிணறு போனது, குளம் வந்தது

பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து ஆண்கள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எங்கே நீந்தக் கற்றார்கள்? வயற்காட்டுக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, மேலே நின்று பிடித்துக்கொள்ள மாமனோ சித்தப்பாவோ. அங்கே உடைக்கு விதி இல்லை. ஓர் அரைஞாண் கயிறும் கோவணமும் போதும். பெண்பிள்ளைகளில் சிலரும் சின்ன வயதில் அப்படிக் கற்றார்கள். வயதுக்கு வந்த மறுநாள் கிணற்றடி அவர்களுக்கு மூடிவிட்டது.

இன்று பல கிணறுகள் வற்றிவிட்டன. ஆழ்துளைக் குழாய் வந்துவிட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் கற்க இடமில்லை. கண்காணிப்பும் தெளிந்த நீரும் உள்ள குளம்தான் இனி எல்லாருக்குமான பள்ளிக்கூடம். ஆனால் ஆபத்து குறையவில்லை. 2015 மழையையும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்தபோது தென்பெண்ணை கரைமீறி வந்ததையும் இந்த மாவட்டம் மறக்காது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் மக்களுக்கு நீச்சல் ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல.

வெளியில் இதை உணர்ந்து செயல்பட்டவர்கள் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு தெற்கு இலங்கையில், பெண்களுக்கு இலவசமாக நீச்சல் கற்றுத்தரும் திட்டத்தைக் கிறிஸ்டினா ஃபான்ஃப் என்ற பிரிட்டிஷ் நீச்சல் ஆசிரியை தொடங்கினார். கற்பிப்பவர் பெண், கற்பவர் பெண் என்பதால் வீடுகள் அனுப்பின. சான்சிபார் தீவில் ‘பாஞ்சே’ திட்டம் முஸ்லிம் சிறுமிகளுக்கு முழுநீள நீச்சல் உடை கொடுத்துக் கடலில் இறக்கியது. பெற்றோரின் தயக்கத்துக்கு விடை அந்த உடையில் இருந்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சின் நகராட்சிக் குளங்களில் ஆண்கள் தொளதொளத்த அரைக்கால் சட்டை அணிய முடியாது, ஒட்டிய உடைதான். சுகாதாரம் என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் 2016 கோடையில் கடலோர ஊர்கள் சில, முஸ்லிம் பெண்கள் அணியும் முழுநீள நீச்சல் உடையான ‘புர்க்கினி’யைக் கடற்கரையிலேயே தடை செய்தன. அந்த ஆகஸ்ட் 26 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், வில்நெவ் லூபே என்ற ஊரின் தடையை நிறுத்திவைத்தது. 2022-இல் கிரெனோபிள் நகரம் தன் குளங்களில் அதை அனுமதிக்க விதியைத் தளர்த்தியபோது, அதே நீதிமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை. துணியை விட்டுவிட்டு உடம்பை விதிக்குள் கொண்டுவந்தால், குளம் நீதிமன்றமாகிவிடும் என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

விதி மாறக்கூடியது என்பதற்கும் சான்று இருக்கிறது. சுருண்டடர்ந்த முடியுள்ள கறுப்பின வீரர்களுக்காக வடிவமைத்த பெரிய தொப்பியான ‘சோல் கேப்’, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் ஃபீனாவால் நிராகரிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. 2022 செப்டம்பரில் அதே அமைப்பு அங்கீகாரம் அளித்தது. நீண்ட கூந்தல் உள்ள நம் பெண்களுக்கும் அது நல்ல செய்திதான்.

பலகையில் எழுத வேண்டியது

நெய்வேலி நகரியத்துக் குளமானாலும், மாவட்ட விளையாட்டரங்கக் குளமானாலும், தனியார் விடுதிக் குளமானாலும் வாசற்பலகையில் இப்படி எழுதலாம்:

‘நைலான், பாலியெஸ்டர், ஸ்பாண்டெக்ஸ் துணியில் உடம்போடு ஒட்டிய உடை அணியவும். முழுக்கை, முழுநீளக் கால் அணியலாம். பருத்தி உடை, புடவை, துப்பட்டா, லுங்கி, பை வைத்த அரைக்கால் சட்டை, ஜிப், தொங்கும் நாடா கூடாது. வெளியில் அணிந்து வந்த உடையோடு இறங்கக் கூடாது. தலைக்குத் தொப்பி அணியவும். எண்ணெய் தேய்த்திருந்தால் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வரவும். குளத்தைச் சுற்றிக் கைப்பேசி எடுக்கக் கூடாது.’

இதில் தோல் எவ்வளவு தெரியலாம் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று என்ற பிரிவும் இல்லை. காவலாளி எளிதில் சரிபார்க்கலாம். வருபவர் எளிதில் பின்பற்றலாம்.

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். பெண்களின் தயக்கத்துக்கு உடை பாதிக் காரணம்தான். வேடிக்கை பார்க்கும் கண்ணும், எங்கிருந்து படம் எடுப்பார்களோ என்ற பயமும் மறுபாதி. ஆகவே விதிப்பலகையோடு சேர்த்து, பெண்களுக்கு என்று தனி நேரம், பெண் பயிற்சியாளர், பெண் உயிர்காப்பாளர், தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை ஆகியவையும் வேண்டும். அந்தத் தனி நேரம் வேலைக்குப் போகிறவருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கும் ஒத்துவருகிறதாக இருக்க வேண்டும்.

மாவட்ட அளவில் மாஸ்டர்ஸ் போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேசியத் தகுதிக்கான பந்தயங்களில் சர்வதேச அளவுகோலை அப்படியே பின்பற்றுங்கள். அதோடு, தகுதி நேரம் கணக்கிடாத சில பந்தயங்களை முழுநீள உடைக்கும் திறந்துவிடுங்கள். முதல்முறை போட்டிக்கு வரும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அது போதும்.

வாங்கும்போது

தினமும் நீந்துகிறவர் நூற்றுக்கு நூறு பாலியெஸ்டரோ பி.பி.டி. வகைப் பாலியெஸ்டரோ வாங்கட்டும். குளோரின் ஸ்பாண்டெக்ஸை மெல்ல அரித்துத் தளர்த்திவிடும். பாலியெஸ்டர் அதைத் தாங்கும். வாரம் ஒருமுறை வருகிறவருக்கு ஸ்பாண்டெக்ஸ் கலந்ததே வசதி. வெள்ளை, வெளிர் நிறங்கள் நனைந்தால் உள்ளே தெரியும், அடர்நிறம் எடுங்கள். வீட்டில் குனிந்து, கை தூக்கி, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எங்கும் தூக்கிக்கொள்ளக் கூடாது. குளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள்.

நீந்தக் கற்று முடித்த பிறகு இன்னொரு பாடம் மீதியிருக்கிறது. நெதர்லாந்தில் பிள்ளைகளுக்கான நீச்சல் சான்றிதழ் பெற, சாதாரண உடையும் காலணியும் அணிந்து நீந்திக் காட்ட வேண்டும். கால்வாய்கள் நிறைந்த நாட்டில் தண்ணீரில் தவறி விழுபவர் நீச்சல் உடையோடு விழுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கும் அது தெரிய வேண்டும். கெடிலத்தில் இறங்குகிற பெண் சுடிதாரில்தான் இறங்குவார். பயிற்சி முகாமின் கடைசி நாட்களில், குளத்தைச் சுத்தம் செய்வதற்கு முந்தைய ஒரு நாளில், துவைத்த சுடிதாரோடும் புடவையோடும் மிதக்கவும், துணியை அவிழ்த்து விலக்கவும், மல்லாந்து கரை சேரவும் கற்றுக்கொடுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, மார்பளவு தண்ணீரில் தொடங்கினால் போதும். உயிர் காக்கும் பாடம் அதுதான்.

வீட்டாருக்கும் அதிகாரிகளுக்கும்

மகளையும் மருமகளையும் குளத்துக்கு அனுப்பத் தயங்குகிற பெரியவர்களே, உங்கள் தயக்கம் உடையைப் பற்றியது என்றால், அதற்கு விடை கடையிலேயே கிடைக்கிறது. முழுக்கையும் முழுநீளக் காலும் உள்ள நீச்சல் உடையை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பெண்களே, கற்க வயது ஒரு தடையல்ல. மிதக்கவும் மூச்சு விடவும் முதலில் பழகினால், மீதி தானாக வரும்.

குளங்களை நடத்துகிறவர்களே, ஒரு பலகையை மாற்றி எழுத நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வரும் கோடைப் பயிற்சி முகாமுக்கு முன்பே செய்துவிடலாம்.

வாசகர்களே, இந்த வாரம் உங்கள் ஊர்க் குளத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வாசற்பலகையைப் படியுங்கள். முழுநீள உடைக்கு அனுமதி உண்டா, பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். நான்கு பெண்களின் கையெழுத்தோடு கொடுங்கள்.